நல்லா ஆடுற பையனை நிறுத்துவது எப்படி?



நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாளாக ஒரு வாக்குவாதம் ஓடுகிறது. சனிக்கிழமை குறுவட்டப் போட்டியில் நம் பையன்கள் 4-0 என்று தோற்றார்கள் அல்லவா, அதைப் பற்றித்தான். நான்கு கோலையும் போட்டது எதிரணியின் ஒரே பையன். "சார், நீங்களும் கிரவுண்டுக்குப் போயிருந்தீங்களே, ஒண்ணும் சொல்லாம இருக்கீங்க?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். குழுவில் இரண்டு வரி எழுதினால் தப்பாகப் புரிந்துகொள்வீர்கள். அதனால் இங்கே விரிவாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

குழுவில் மூன்று கருத்து வந்தது. ஒன்று: "ஆரம்பத்துலயே ரெண்டு மிதி மிதிச்சிருந்தா அடங்கியிருப்பான்." இதற்குத்தான் அதிகம் பேர் கை தட்டியிருந்தீர்கள். இரண்டு: "அவன் வேற லெவல் சார், ஒண்ணும் பண்ண முடியாது." மூன்று: "நம்ம ரைட் பேக்தான் சொதப்பிட்டான்."

மூன்றுமே தப்பு என்பது என் கருத்து. முதல் கருத்து தப்பு மட்டுமில்லை, ஆபத்தானது. அதை நான் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கடைசியில் வருகிறேன்.

முதலில் அன்று நடந்ததைப் பார்ப்போம். வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து நோட்டில் குறித்துக்கொண்டேன். கணக்கு வாத்தியார் புத்தி போகாது. நான்கு கோலும் நான்கு விதம்.

முதல் கோல். அவர்களுடைய நடு ஆட்டக்காரன் பந்தை வைத்துக்கொண்டு நின்றான். அவன் பக்கத்தில் நம் ஆள் ஒருவரும் இல்லை. சாவகாசமாகத் தலையைத் தூக்கிப் பார்த்து இடது ஓரத்தில் நின்ற அந்தப் பையனுக்குக் கொடுத்தான். அவன் வாங்கித் திரும்பி ஓடி அடித்தான்.

இரண்டாவது கோல். நம் ரைட் பேக் முதல் கோலின் கோபத்தில் பந்து வந்தவுடன் அவன் மேல் பாய்ந்தான். அவன் ஒரு தட்டுத் தட்டி உள்பக்கமாக வெட்டிப் போய்விட்டான். பின்னால் ஒருவரும் இல்லை.

மூன்றாவது கோல். அதற்குள் கோட்டுக்கு வெளியே நின்ற பெரியவர்கள் "காலை வாருடா, காலை வாரு" என்று கத்த ஆரம்பித்திருந்தார்கள். பையன் வாரினான். பெனால்டி பாக்ஸுக்கு ஒரு அடி வெளியே. மஞ்சள் அட்டை. அந்த ஃப்ரீ கிக் நேராக வலைக்குள் போனது.

நான்காவது கோல். மஞ்சள் அட்டை வாங்கிய பையனுக்கு இப்போது கிட்டே போகவே பயம். பின்வாங்கிக்கொண்டே போனான். பெனால்டி புள்ளி வரைக்கும் போனான். எதிரே வந்தவன் நிதானமாகப் பார்த்து மூலையில் அடித்தான்.

ஆட்டம் முடிந்ததும் நம் பையன் தரையில் உட்கார்ந்து அழுதான். பத்தாம் வகுப்புப் படிக்கிறான். அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவர். கிழிந்த ஷூவுக்கு நூல் போட்டுக் கட்டியிருந்தான். அவன் தோளைத் தட்டிக் கொடுக்க ஒரு பெரிய மனிதரும் போகவில்லை. எல்லோரும் அவனைத் திட்டிக்கொண்டே வண்டியை எடுத்தீர்கள்.

அந்தப் பையனை வைத்தே சொல்கிறேன். 2022 உலகக் கோப்பை அரையிறுதியில் குரோஷியாவின் குவார்டியோல் மெஸ்ஸியைத் துரத்திய காட்சியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வலது ஓரத்தில் மெஸ்ஸி நின்று, திரும்பி, உள்ளே புகுந்து, ஆல்வாரெஸுக்குக் கொடுத்து மூன்றாவது கோல். அந்தப் போட்டி முழுவதும் மிக நன்றாக ஆடிய தடுப்பாட்டக்காரர்களில் குவார்டியோலும் ஒருவர். 20 வயது. ஓரத்தில் தனியாக ஓட விட்டால் அவருக்கே அந்தக் கதி. நம் பத்தாம் வகுப்புப் பையனை மட்டும் குற்றம் சொல்லி என்ன பிரயோசனம்?

இப்போது "ரெண்டு மிதி" விஷயத்துக்கு வருகிறேன்.

இது புதிய யோசனை இல்லை. 1966 உலகக் கோப்பையில் பெலேயை அப்படித்தான் நிறுத்தினார்கள். முதல் ஆட்டத்தில் பல்கேரியாக்காரர்கள் மிதித்த மிதியில் அவரால் ஹங்கேரியுடன் ஆட முடியவில்லை. மூன்றாவது ஆட்டத்தில் போர்ச்சுகல் மறுபடி சாய்த்தது. அப்போது மாற்று ஆள் இறக்கும் விதி கிடையாது. நொண்டிக்கொண்டே ஆடி முடித்தார். பிரேசில் முதல் சுற்றோடு ஊருக்குத் திரும்பியது. 1970இல் மெக்சிகோவில் மஞ்சள், சிவப்பு அட்டைகளும் மாற்று ஆட்டக்காரர்களும் உலகக் கோப்பைக்கு வந்தார்கள். அந்த முறை பெலே முழுசாக ஆடினார். இறுதியில் இத்தாலியை 4-1 என்று வென்று கோப்பையோடு போனார்கள்.

"சார், ஜென்டிலே மரடோனாவை நிறுத்தலையா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1982இல் ஸ்பெயினில் இத்தாலியின் கிளாடியோ ஜென்டிலே மரடோனாவை நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டு இழுத்தார், இடித்தார். அந்த ஒரு ஆட்டத்தில் மரடோனா மீது நடந்த ஃபவுல் 23. ஜென்டிலேக்குக் கிடைத்தது ஒரு மஞ்சள் அட்டை. இத்தாலி 2-1 என்று ஜெயித்தது. ஆனால் அது அந்தக் காலத்து நடுவர்கள் விட்ட சலுகை. இன்றைய விதியில் கவனக்குறைவான ஃபவுலுக்கு ஃப்ரீ கிக், எதிராளிக்கு என்ன ஆகும் என்று பார்க்காமல் போனால் மஞ்சள், அளவுமீறிய பலம் காட்டினால் நேரே சிவப்பு. முதல் பத்து நிமிடத்தில் "ரெண்டு மிதி" மிதித்தால் மீதி ஆட்டத்தைப் பத்துப் பேரோடு ஆட வேண்டும். சனிக்கிழமை ஒரு வாரலுக்கே ஒரு கோல் விலை கொடுத்தோம்.

நான்கு வருடம் கழித்து, 1986 இறுதி ஆட்டத்தில், ஜெர்மனி மத்தேயுஸைப் போட்டு மரடோனாவைக் கட்டியது. 84ஆவது நிமிடம் வரை 2-2. மரடோனா தன்னைச் சுற்றி நின்றவர்களுக்கு நடுவே ஒரே தட்டில் பந்தைப் புருசாகாவுக்கு அனுப்பினார். அவர் ஓடிப்போய் கோல் போட்டார். அர்ஜென்டினாவுக்குக் கோப்பை. ஒருவனையே பார்த்துக்கொண்டிருந்தால் இன்னொருவன் காலியாக நிற்பான். எளிய கழித்தல் கணக்கு.

சரி, வேறு என்னதான் செய்வது? நான் உடற்கல்வி ஆசிரியர் இல்லை. ஆனால் நம் பி.டி. சார் ஒருவரே கோ-கோ, வாலிபால், தடகளம் எல்லாம் பார்க்க வேண்டியிருந்ததால் பல வருடம் கால்பந்து அணி என் தலையில் விழுந்தது. அதில் கற்றதைச் சொல்கிறேன். சனிக்கிழமை விழுந்த நான்கு கோலின் வரிசையிலேயே எடுத்துக்கொள்வோம்.

முதல் பாடம்: பந்து வருகிற வழியை அடை. எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரனும் பந்து இல்லாமல் நிற்கும்போது மைதானத்தில் சும்மா நிற்கிற ஒரு ஆள்தான். அவனுக்கு யார் பந்து கொடுக்கிறார்கள் என்று முதல் ஐந்து நிமிடம் பாருங்கள். பள்ளி அணிகளில் பெரும்பாலும் ஒருவன் அல்லது இருவர்தான் இருப்பார்கள். நம் ஃபார்வர்டுகளின் முதல் வேலை அந்த ஆளைத் தலை நிமிர விடாமல் நெருக்குவது. அவசரத்தில் கொடுக்கிற பந்து பாதி தடவை வெளியே போகும். மீறி வந்தாலும் நம் பேக் அவன் முதுகோடு நெருங்கி நின்று திரும்ப விடாமல் செய்ய வேண்டும். கோலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறவன் பந்தைப் பின்னால்தான் கொடுப்பான்.

இரண்டாவது பாடம்: பாயாதே. அவன் திரும்பிவிட்டான் என்றால் கையெட்டும் தூரத்துக்குச் சற்று அதிகம் விட்டு, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, முழங்காலை மடக்கி, பந்தை மட்டும் பார்க்க வேண்டும். அவன் காலை ஆட்டுவான், இடுப்பை ஆட்டுவான். அதெல்லாம் ஏமாற்று. பந்து அவன் காலை விட்டு ஒரு அடி நகர்கிற நொடி வரும். அப்போது கால் வை. அது வரை நேரத்தைக் கடத்துவதே வேலை. மூன்று நொடி கடத்தினால் நம் ஆள் ஒருவன் ஓடி வந்து சேர்ந்துவிடுவான்.

அந்த இரண்டாவது ஆள் இல்லாமல் இது நடக்காது. அவன் நாலைந்து அடி பின்னால், உள்பக்கம் சாய்ந்து நிற்க வேண்டும். வாயைத் திறந்து, "நான் இருக்கேன், வெளிய தள்ளு" என்று சொல்ல வேண்டும். நம் பையன்கள் வகுப்பில் பேசுகிற பேச்சில் பத்தில் ஒரு பங்குகூட மைதானத்தில் பேசுவதில்லை.

கபடி பார்க்கிறவர்களுக்கு இது உடனே புரியும். ரைடு வருகிறவன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், கார்னரில் நிற்கிறவன் தனியாக முந்திப் பாய்ந்தால் பாயிண்ட் அவனுக்குத்தான் போகும். சங்கிலி பிடித்து, காத்திருந்து, அவனை ஓரத்துக்கு ஒதுக்கி, ஒருவன் காலைப் பிடித்தவுடன் மற்றவர்கள் மேலே விழுந்தால்தான் ஆள் சிக்குவான். திருத்தங்கல் பக்கத்துப் பையன்களுக்கு நான் கால்பந்து சொல்லிக் கொடுத்ததே இந்தக் கபடிக் கணக்கை வைத்துத்தான்.

மூன்றாவது பாடம்: கோல் அருகே ஃபவுல் செய்யாதே. நல்ல ஆட்டக்காரன்தான் பெரும்பாலும் நல்ல ஃப்ரீ கிக்கும் அடிப்பான். பாக்ஸ் பக்கத்தில் அவனைச் சாய்ப்பது அவன் கையில் சாவியைக் கொடுப்பது மாதிரி.

நான்காவது பாடம்: பின்வாங்குவதற்கும் ஒரு எல்லை உண்டு, ஒரு திசையும் உண்டு. இதைக் கணக்காகவே சொல்கிறேன். கோல் கம்பங்களுக்கு நடுவே 7.32 மீட்டர். பெனால்டி புள்ளி கோல் கோட்டிலிருந்து 11 மீட்டர். அங்கே நின்று பார்த்தால் கோல் ஏறக்குறைய 37 டிகிரி கோணத்தில் விரிந்து தெரியும். அதே 11 மீட்டர் தூரத்தில், ஆனால் நடுவிலிருந்து 20 மீட்டர் ஓரமாக அவனைத் தள்ளிவிட்டால்? கோணம் 9 டிகிரிதான். நாலில் ஒரு பங்கு. கீப்பர் ஒரு அடி முன்னே வந்தால் அதுவும் அடைபடும். பத்தாம் வகுப்பில் முக்கோணவியல் எதற்கு என்று கேட்டவர்கள் இப்போது போட்டுப் பாருங்கள், விடை வரும்.

ஆகவே உள்பக்கத்தை அடைத்து நின்று, ஓரக் கோட்டை மட்டும் திறந்து வை. சனிக்கிழமை ஆடிய பையன் வலது கால்காரன், இடது ஓரத்தில் ஆடினான். ஒவ்வொரு முறையும் உள்ளே வெட்டி வலது காலில் அடித்தான். கோட்டோரமாக ஓட விட்டிருந்தால் இடது காலில்தான் அடித்திருக்க வேண்டும். அவன் இடது காலால் ஒரு பந்துகூட அடித்ததை நான் பார்க்கவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் கத்திக்கொண்டிருந்த யாராவது ஒருவர் இதைக் கவனித்துச் சொல்லியிருந்தால் "காலை வாரு" என்பதைவிட எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்!

இதெல்லாம் பெரிய ஊர்க்காரர்களின் வித்தை என்று நினைக்க வேண்டாம். பெரிய ஊர்க்காரர்களும் இதைத்தான் செய்கிறார்கள். 2010 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் இன்டர் மிலான், பார்சிலோனாவை மொத்தம் 3-2 என்று தாண்டியது. இரண்டாவது ஆட்டத்தில் 28ஆவது நிமிடத்திலேயே ஒரு ஆள் சிவப்பு அட்டை வாங்கிப் போய்விட்டார். மீதிப் பத்துப் பேரும் கூண்டு மாதிரி நெருங்கி நின்றார்கள். மெஸ்ஸிக்கு என்று தனி ஆள் வைக்கவில்லை. எந்தப் பக்கம் அவர் வந்தாலும் அந்தப் பக்கத்துக்காரர் எதிரே, இன்னொருவர் பின்னே. இரண்டு ஆட்டத்திலும் மெஸ்ஸி கோல் போடவில்லை.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். நட்சத்திர ஆட்டக்காரன் பெரும்பாலும் தடுக்கப் பின்னால் வரமாட்டான். அவன் விட்டுவிட்டு வந்த இடம் காலியாகக் கிடக்கும். பந்து நம் கையில் கிடைத்தவுடன் அந்தப் பக்கமே போக வேண்டும். இரண்டு முறை போனால் அவர்கள் சார் அவனைப் பின்னால் வரச் சொல்லிக் கத்துவார். நம் கோலிலிருந்து அவன் அவ்வளவு தூரம் தள்ளிப் போவான்.

"இதெல்லாம் பழக நேரம் வேணுமே சார், மிதிக்கிறது சுலபம்" என்று ஒரு தம்பி எழுதியிருந்தான். உண்மை. நேரம் வேண்டும். மாலை வகுப்பு, டியூஷன், சரளைக் கல் மைதானம், ஒரே ஒரு நல்ல பந்து என்று நம் பையன்களின் நிலைமை எனக்குத் தெரியும். ஆனால் மேலே சொன்னவற்றைப் பழக பெரிய மைதானம் வேண்டாம். இருபது அடிக்கு இருபது அடி இடத்தில் இரண்டு பேர் தாக்க, இரண்டு பேர் தடுக்க, தினம் பதினைந்து நிமிடம் போதும். செருப்பைக் கோல் கம்பமாக வைத்துக்கொள்ளலாம்.

நம் மாவட்டத்துக்குக் கால்பந்து ஒன்றும் தூரத்துச் சொந்தம் இல்லை. காரியாபட்டிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் நிழலில் வளர்ந்த சேது எஃப்.சி. பெண்கள் அணிதான் 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்திய மகளிர் லீக் கோப்பையை எடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டு கட்டாக்கில் தமிழ்நாட்டுப் பெண்கள் தேசியப் போட்டியின் இறுதியில் மணிப்பூரை 2-1 என்று வென்றார்கள். மணிப்பூர் என்றால் பெண்கள் கால்பந்தில் நட்சத்திரங்கள் விளைகிற பூமி. அவர்களை வெல்ல முடியும் என்று நம் பெண் பிள்ளைகள் காட்டிவிட்டார்கள்.

இப்போது ஆரம்பத்தில் தள்ளிப்போட்ட விஷயம். இதை இதுவரை நான் யாரிடமும் பொதுவில் சொன்னதில்லை.

தொண்ணூறுகளில் ஒரு மாவட்ட அரையிறுதி. எதிரணியில் ஒரு பையன். என் வாழ்நாளில் பள்ளி அளவில் அப்படி ஒரு ஆட்டக்காரனை நான் பார்த்ததில்லை. மேற்கே மலையடிவாரத்து ஊர்க்காரன். அந்த வருடம் விளையாட்டு விடுதித் தேர்வுக்குப் போகப் போகிறான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். இடைவேளையில் 0-0. நான் நம் பேக்கைத் தனியாகக் கூப்பிட்டு, "பந்து போனாலும் பரவாயில்லை, ஆள் போகக் கூடாது" என்றேன். அந்தக் காலத்தில் எல்லா மைதானத்திலும் சொல்கிற வாக்கியம்தான். ஆனால் அதைச் சொன்ன விதத்தில் நான் என்ன கேட்கிறேன் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இரண்டாவது பாதி ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் அந்தப் பையனின் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. அந்தச் சத்தம் கோட்டுக்கு வெளியே நின்ற எனக்குக் கேட்டது. நாங்கள் 1-0 என்று ஜெயித்தோம். இறுதி ஆட்டத்தில் தோற்றோம். அந்த வருடத்துக் கோப்பை யாரிடம் இருக்கிறது என்று இன்று யாருக்கும் நினைவில்லை.

ஒரு மாதம் கழித்து அவன் வீட்டைத் தேடிப் போனேன். அப்பா கூலி வேலைக்காரர். கட்டுப் போட்ட காலோடு திண்ணையில் படுத்திருந்தவன் என்னைப் பார்த்ததும், "சார், உக்காருங்க" என்று எழுந்திருக்கப் பார்த்தான். நான் சொன்ன வார்த்தை அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் திட்டியிருப்பான், எனக்கும் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். விடுதித் தேர்வுக்கு அவன் போகவில்லை. பிறகு நடந்தான், ஓடினான், ஆனால் பழைய ஆட்டம் திரும்பவில்லை என்று அவர்கள் ஆசிரியர் சொன்னார்.

நம் பேக்கும் அதன் பிறகு மைதானத்துக்கு வரவில்லை. எத்தனை முறை கூப்பிட்டேன். "வீட்ல வேலை இருக்கு சார்" என்பான். ஒரு வார்த்தையில் நான் இரண்டு பையன்களின் கால்பந்தை முடித்துவைத்தேன். இன்றைக்கு நினைத்துப் பார்த்தால், அந்த இடைவேளையில் பத்து நிமிடம் இருந்தது. "இரண்டு பேர் நில்லுங்கள், வெளியே தள்ளுங்கள், பந்து கொடுக்கிறவனை மறியுங்கள்" என்று சொல்ல அந்தப் பத்து நிமிடம் தாராளமாகப் போதும். எனக்கு அப்போது தெரியவில்லை. தெரிந்துகொள்ள முயற்சியும் எடுக்கவில்லை. மிதிக்கச் சொல்வது சுலபமாக இருந்தது.

அதனால்தான் குழுவில் அந்தக் கருத்துக்கு நீங்கள் கை தட்டியதைப் பார்த்தபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எதிரணியில் நன்றாக ஆடுகிற பையன் நம் எதிரி இல்லை. கூலிக்காரர் மகனோ, பட்டாசு ஆபீஸ்காரர் மகனோ, அவனும் நம் பக்கத்துப் பிள்ளைதான். நாளைக்கு ரயில்வேயிலோ போலீஸிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைத்தால் அந்தக் குடும்பமே கரையேறும். அவன் காலை உடைக்காமல் அவனை நிறுத்தக் கற்றுக்கொண்டால் நம் பையனும் நல்ல ஆட்டக்காரன் ஆவான். அவனும் இடது காலால் அடிக்கக் கற்றுக்கொள்வான்.

கடைசியாக இரண்டு வேண்டுகோள்.

அடுத்த ஆட்டத்துக்கு வருகிறவர்கள் கோட்டோரம் நின்று "காலை வாரு" என்று கத்தாதீர்கள். கத்தியே ஆக வேண்டும் என்றால் "வெளிய தள்ளு" என்று கத்துங்கள். குழுவில் இருப்பவர்களில் நாலைந்து பேர் கல்லூரி அணி வரை ஆடியவர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் வந்து பையன்களுக்கு இரண்டுக்கு இரண்டு பழக்கம் கொடுங்கள். நானும் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.

இன்னொன்று, அந்த ரைட் பேக் பையனுக்கு ஒரு ஜோடி ஷூ வேண்டும். அளவு கேட்டு வைத்திருக்கிறேன். ஏழாம் நம்பர். யார் வாங்கித் தருகிறீர்கள் என்று எனக்குத் தனியாகச் சொல்லுங்கள், குழுவில் போட வேண்டாம். அவன் திங்கட்கிழமை பயிற்சிக்கு வந்தானா என்று பி.டி. சாரிடம் போன் போட்டுக் கேட்டேன். வந்தானாம்.

அன்புடன்,
உங்கள் பழைய கணக்கு வாத்தியார்